மானுக்கு நம்பர் பிளேட் இல்லை! நாலரை நிமிஷ அவசரத்துக்கு உயிரை விடலாமா?

லாரி மோதினால் நம்பரைக் குறித்துக் கொள்ளலாம். பஸ் மோதினால் டிரைவரைப் பிடிக்கலாம். கோர்ட்டில் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு வாங்கலாம்.

மான் மோதினால்?

மானுக்கு நம்பர் பிளேட் கிடையாது. லைசென்ஸ் கிடையாது. இன்ஷூரன்ஸும் கிடையாது. அடிபட்டவன் குடும்பம் யார் மேல் கேஸ் போடும்?

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து கேட்டால் நல்லது. ஆஸ்பத்திரி கட்டிலில் படுத்துக் கொண்டு கேட்டால் பலன் இல்லை.

சீசன் கூட்டம்

ஜூன் பிறந்தால் சாரல். சாரல் விழுந்தால் சீசன். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி என்று எங்கே பார்த்தாலும் தலை தலையாகத் தெரியும்.

முன்பு குடும்பத்தோடு வேனிலும் பஸ்ஸிலும் வந்தார்கள். இப்போதும் வருகிறார்கள். அதோடு இன்னொரு கூட்டமும் சேர்ந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் கூட்டம்!

நெல்லை, தூத்துக்குடி, ராஜபாளையம், விருதுநகர், கொல்லம் என்று எல்லாப் பக்கமும் இருந்து வாலிபர்கள் வண்டியைக் கிளப்பிக் கொண்டு வருகிறார்கள். கூட்டம் சேருவதற்கு முன்னால் குளித்துவிட வேண்டும் என்று விடியற்காலை 3 மணிக்கே புறப்படுகிறவர்கள் உண்டு. வேலை முடித்து, கடையை அடைத்து, ராத்திரியில் புறப்படுகிறவர்களும் உண்டு. பிரானூர் பார்டரில் புரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுவிட்டு, "ஐந்தருவிக்கு ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துருவோம்" என்று நடு இரவில் வண்டியைத் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

தப்பு ஒன்றும் இல்லை. குற்றாலத்து அருவியில் விடியற்காலையில் தலையைக் கொடுத்து நிற்கிற சுகம் எந்த ஊரில் கிடைக்கும்? குளிக்கட்டும். சந்தோஷமாக இருக்கட்டும்.

ஆனால், அவர்கள் புறப்படுகிற நேரத்தில் இன்னொரு கூட்டமும் புறப்படுகிறது. அதுதான் சங்கடம்.

ஒரே நேரம்

மான் வெயில் நேரத்தில் அதிகம் நடமாடாது. நிழல் பார்த்துப் படுத்துக் கிடக்கும். அது மேயப் புறப்படுவது அந்தி சாய்கிற நேரம். மறுபடி மேய்வது விடிகிற நேரம். "மிளா" என்று இந்தப் பக்கம் சொல்கிற கடமான் பெரும்பாலும் ராத்திரியில்தான் நடமாடும்.

அதாவது, குளிக்க வருகிறவன் வண்டியை விரட்டுகிற நேரமும், மான் ரோட்டைத் தாண்டுகிற நேரமும் ஒன்று!

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22ந் தேதி உதயமானது. மாவட்டம் புதிது. காடு பழையது. மேற்கே முழுவதும் மலை. தெற்கே 1988ல் அறிவிக்கப்பட்ட களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். வடக்கே 2021ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். இரண்டுக்கும் நடுவே நெல்லை வனவிலங்கு சரணாலயம். அந்தக் காட்டின் ஓரத்தை ஒட்டித்தான் ஊர்களும், தோப்புகளும், வயல்களும், ரோடுகளும் இருக்கின்றன.

ஐந்தருவி ரோடு, பழைய குற்றாலம் ரோடு, மேக்கரை அடவிநயினார் அணை ரோடு, செங்கோட்டை குண்டாறு அணை ரோடு, கடையம் ராமநதி அணைப் பக்கம்... எல்லாமே மலையடிவாரம். மிளா வயலில் இறங்கிவிட்டது, காட்டுப் பன்றி வாழையைச் சாய்த்துவிட்டது என்று மேக்கரை, வடகரை விவசாயிகள் சொல்வது புதுக் கதை இல்லை. வயலுக்கு வருகிற மிருகம் ரோட்டுக்கு வராதா?

ஏன் வருகிறது?

"காட்டில் இருக்க வேண்டிய மானுக்கு ரோட்டில் என்ன வேலை?" என்று கேட்கிறார்கள்.

வேலை இருக்கிறது. ரோட்டு ஓரத்தில் மரத்தை வெட்டி இடம் திறந்து கிடக்கிறது. வெயில் நன்றாக விழுகிறது. ஒரு மழை பெய்தால் போதும், இளம் புல் முதலில் முளைப்பது அங்கேதான். மானுக்கு அது வாழை இலை போட்ட பந்தி மாதிரி!

கோடையில் மலையில் தண்ணீர் வற்றினால் கீழே குளத்துக்கும் கால்வாய்க்கும் இறங்கும். தோப்புக்குள் விழுந்து கிடக்கிற பழத்துக்கு வரும். சுற்றுலா வந்தவர்கள் வீசிவிட்டுப் போகிற சோற்றுப் பொட்டலத்துக்கும் வரும். தெரு நாய் துரத்தினால் கண் மண் தெரியாமல் ஓடி வரும். நாய்க்குப் பயந்து ஓடுகிற மான் வலப்பக்கம், இடப்பக்கம் பார்த்தா ரோட்டைத் தாண்டும்?

மான் நடந்த தடத்தின் குறுக்கேதான் ரோடு போட்டிருக்கிறார்கள். ரோட்டுக்குக் குறுக்கே மான் வருகிறது என்று சொல்வது மனிதன் பேச்சு. மானுக்குப் பேச்சு இருந்தால் வேறு மாதிரி சொல்லும்!

லைட்டைப் பார்த்தால்...

ஆட்டுக்கும் மாட்டுக்கும் வண்டி ஓட்டிப் பழகியவர்கள், ஹாரன் அடித்தால் மான் ஓடிவிடும் என்று நினைக்கிறார்கள். அங்கேதான் தப்புக் கணக்கு.

மானின் கண்ணுக்குள், பின்பக்கம், கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. கொஞ்சம் வெளிச்சத்தையும் அது திருப்பி அனுப்பிப் பெரிதாக்கிக் காட்டும். அதனால்தான் இருட்டில் மானுக்குக் கண் தெரிகிறது. அதனால்தான் லைட் பட்டால் அதன் கண் பளபளக்கிறது. அப்படிப்பட்ட கண்ணில் மோட்டார் சைக்கிள் ஹெட்லைட்டை முழுசாக அடித்தால் என்ன ஆகும்? கண் கூசிப் போகும். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது. ரோடு நடுவில் அப்படியே நின்றுவிடும். அடுத்த நொடியில் எந்தப் பக்கமும் துள்ளும். வந்த வழியே திரும்பினாலும் திரும்பும். வண்டி மேலேயே பாய்ந்தாலும் பாயும்.

புள்ளிமான் சின்ன உருப்படி என்று நினைக்க வேண்டாம். வளர்ந்த கிடா 70 முதல் 90 கிலோ இருக்கும். கொம்பு வேறு. மிளா என்றால் கேட்கவே வேண்டாம். கிடா 200 கிலோவைத் தாண்டும். ஒரு 100 சி.சி. மோட்டார் சைக்கிளே சுமார் 110 கிலோதான்! அதில் மிளா கருப்புக் கலந்த பழுப்பு நிறம். இருட்டோடு இருட்டாக நிற்கும். கிட்டே போகிற வரை அது மரமா, மிருகமா என்று தெரியாது.

காருக்குள் இருப்பவனைச் சுற்றித் தகரம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இருப்பவனைச் சுற்றி என்ன இருக்கிறது? சட்டையும் சாரல் காற்றும்தான்!

கணக்குப் பாருங்கள்

கடைக்காரர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். ஆபீஸ் கிளார்க்குகள் அதைவிடத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. எதிரே மானைப் பார்த்து, மூளைக்குத் தெரிந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி. அதில் 11 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்த பிறகு நிற்க இன்னும் ஒரு 10 மீட்டர். ஆக மொத்தம் 21 மீட்டர்.

80 கிலோமீட்டர் வேகத்தில்? அந்த ஒரு நொடியில் 22 மீட்டர். பிரேக் பிடித்து நிற்க 41 மீட்டர். மொத்தம் 63 மீட்டர்!

வேகம் இரண்டு மடங்கு. நிற்கிற தூரம் மூன்று மடங்கு. இதுவும் ரோடு காய்ந்து, டயர் புதுசாக, பிரேக் சரியாக இருந்தால். சாரலில் நனைந்த ரோட்டில், மொட்டை டயரில், பின்னால் இன்னொரு ஆள் உட்கார்ந்திருந்தால் இன்னும் தள்ளித்தான் நிற்கும்.

தாழ்த்தி வைத்த ஹெட்லைட் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும்? ஒரு முப்பது, நாற்பது மீட்டருக்கு அப்பால் சரியாகத் தெரியாது. 40ல் போகிறவன் மானைப் பார்த்து நிற்பான். 80ல் போகிறவன் மானைப் பார்ப்பான். நிற்க மாட்டான்.

சரி, அந்த வேகத்தில் போய் என்னதான் மிச்சம்? மலையடிவாரத்து ரோடு ஒரு 6 கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். 80ல் போனால் நாலரை நிமிஷம். 40ல் போனால் ஒன்பது நிமிஷம். மிச்சம் நாலரை நிமிஷம்!

டீக்கடையில் ஒரு டீ ஆறுகிற நேரம். அருவியில் இடம் பிடிக்க வரிசையில் நிற்கிற நேரத்தில் பாதி கூட இல்லை. அதற்காகவா உயிர்?

"ஒண்ணையும் காணலியே!"

"மான் எங்கய்யா வருது? பத்து வருஷமா இந்த ரோட்டுல போறேன். ஒண்ணையும் கண்டதில்ல" என்று சொல்கிற அண்ணாச்சிகள் உண்டு.

பத்து வருஷம் வராதது பதினோராவது வருஷமும் வராது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? காணவில்லை என்பதால் இல்லை என்று அர்த்தம் இல்லை. புதருக்குப் பின்னால் நின்று வண்டி போகட்டும் என்று அது காத்திருந்த நாட்கள் எத்தனையோ!

அடிவாரத்துத் தோட்டக்காரர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்: "தம்பி, பைய போங்க. இருட்டுக்குள்ள மிளா நிக்கும்." அந்த ஒரு வார்த்தை, "பைய". நெல்லைச் சீமை முழுவதும் தெரிந்த வார்த்தைதான். வண்டியில் ஏறினால் மட்டும் மறந்து போகிறது.

இன்னொன்று. வெளியூர் வாலிபனுக்கு மட்டும் வருகிற ஆபத்து இல்லை இது. விடியற்காலை நாலு மணிக்குப் பால் கேனைக் கட்டிக் கொண்டு வருகிறவர் யார்? பேப்பர் கட்டைத் தூக்கிக் கொண்டு வருகிறவர் யார்? பூ மூட்டையோடு மார்க்கெட்டுக்கு ஓடுகிறவர், நைட் டியூட்டி முடிந்து வீடு திரும்புகிற நர்ஸு, முதல் பஸ்ஸைப் பிடிக்க மகனை வண்டியில் கொண்டு விடுகிற அப்பா... எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். ஒருநாள் குளியலுக்கு வந்தவன் வருஷத்தில் ஒரு தடவை அந்த ரோட்டில் போகிறான். இவர்கள் 365 நாளும் போகிறார்கள்.

அருவிக்கு ஒரு நியாயம்...

பேரருவியில் தண்ணீர் கூடினால் என்ன நடக்கிறது? பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீசார் உடனே குளிக்கத் தடை போடுகிறார்கள். நூறு மைல் தாண்டி வந்தவன்கூட முணுமுணுத்துவிட்டு ஓரமாக உட்காருகிறான். தண்ணீர் குறைந்தால் அனுமதிக்கிறார்கள். யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை.

2024 மே 17ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். ஊரே பதறியது. அதன் பிறகு அங்கே குளிக்க நேரக் கட்டுப்பாடு வந்தது. மக்கள் ஏற்றுக் கொண்டார்கள். காரணம், தண்ணீர் விளையாட்டு இல்லை என்று எல்லாருக்கும் புரிந்தது.

அருவியில் இருக்கிற இந்த நியாயம் அருவிக்குப் போகிற ரோட்டில் ஏன் இல்லை? "இந்த நேரத்தில் இவ்வளவு வேகத்துக்கு மேல் போகாதே" என்று சொன்னால் மட்டும் ஏன் கோபம் வருகிறது?

மான் படம் போட்ட போர்டு வைத்தால் வேலை முடிந்தது என்று அதிகாரிகள் நினைக்கக் கூடாது. வருஷம் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கிற போர்டை உள்ளூர்க்காரன் கண் பார்ப்பதே இல்லை. வெளியூர்க்காரன் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக் கொள்கிறான்.

ரோட்டை மூடலாமா?

ராத்திரியில் ரோட்டையே மூடிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். மூடிய இடங்கள் உண்டு. கர்நாடகத்தில் பந்திப்பூர் காட்டு ரோட்டில் 2009 முதல் இரவு 9 மணியில் இருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப் பாதையில் 2022 பிப்ரவரியில் ஐகோர்ட்டு உத்தரவுப்படி இரவுத் தடை வந்தது.

ஆனால் அது வேறு, இது வேறு. அவை நடுக்காட்டைக் கிழித்துக் கொண்டு போகிற ரோடுகள். குற்றாலத்து ரோடு ஊரும் காடும் கலந்து கிடக்கிற ரோடு. அதை மூடினால் பால்காரர் எந்த வழியாக வருவார்? பிரசவ வலி எடுத்தவளை எப்படிக் கொண்டு போவார்கள்? மூடுவது இங்கே சரிப்படாது. வேகத்தைக் குறைப்பதுதான் சரிப்படும்.

வேலி போடலாமா? நெஞ்சளவு வேலியை மான் துள்ளித் தாண்டிவிடும். அதைவிட உயரமாகப் போட்டால் தண்ணீருக்கு வருகிற மிருகம் எங்கே போகும்? வேலி முடிகிற இடத்தில் கூட்டமாக ரோட்டில் ஏறும். ஆபத்து இடம் மாறுமே தவிர தீராது.

கங்கைகொண்டான் பாடம்

தூரத்துக் கதை வேண்டாம். நெல்லைக்கு வடக்கே கங்கைகொண்டானில் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. 2013ல் அறிவித்தார்கள். மொத்தமே 288 ஹெக்டேர். பக்கத்திலேயே நான்கு வழிச் சாலை. இன்னொரு பக்கம் ரெயில் பாதை. தண்ணீர் தேடி வெளியே வந்த மான் வண்டியில் அடிபட்டுச் செத்தது என்ற செய்தியை அந்தப் பக்கத்து மக்கள் பல தடவை படித்துவிட்டார்கள். தூத்துக்குடி ரோட்டில் வல்லநாட்டிலும் 1987 முதல் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. அங்கேயும் பக்கத்திலேயே பெரிய ரோடு.

கங்கைகொண்டான் வழியாகப் போகிற ரோடு 44ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. காஷ்மீரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. இதே 44ம் நம்பர் ரோடு நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் வழியாகப் போகிறது. அங்கே என்ன செய்தார்கள்? ரோட்டைத் தூக்கி மேலே கட்டினார்கள். மிருகங்கள் அடியில் போக ஒன்பது இடத்தில் வழி விட்டார்கள். ஒரு வழியின் நீளம் மட்டும் 750 மீட்டர். மானும் புலியும் அதன் அடியில் நடந்து போவதைக் கேமரா படம் பிடித்திருக்கிறது. ஒரே ரோடு. அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயமா?

வெளிநாட்டிலும் இந்தத் தொல்லை உண்டு. அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் வாகனங்கள் மிருகங்கள் மீது மோதுகின்றன என்பது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மதிப்பீடு. அதில் பெரும்பங்கு மான்தான். கனடாவில் பான்ஃப் என்ற காட்டுப் பகுதியில் ரோட்டின் இரு பக்கமும் வேலி போட்டு, மிருகங்கள் தாண்டப் பாலமும் சுரங்க வழியும் கட்டினார்கள். மோதல் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குறைந்தது. வேலி மட்டும் போடவில்லை, வழியும் விட்டார்கள். அதனால் பலன் கிடைத்தது.

தென்காசியில் உடனே பாலம் கட்டு என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பல கோடி வேண்டும். ஆனால், காட்டு ஓரமாகப் புதிதாக நான்கு வழிச் சாலை போடுகிற போதாவது, போடுவதற்கு முன்னால், மான் போகிற தடத்தைப் பார்த்து அடியில் வழி விட வேண்டும். போட்டு முடித்த பிறகு உடைத்துக் கட்ட முடியாது.

காசு இல்லாமல் நடக்கும்

காசு அதிகம் இல்லாமல் நாளைக்கே செய்யக் கூடியவை இருக்கின்றன.

ஒன்று: மான் தாண்டுகிற இடங்களில் மட்டும், மாலை 6 மணி முதல் காலை 7 மணி வரை, 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று கலெக்டர் உத்தரவு போடலாம். அந்த இடங்களில் ரோட்டின் குறுக்கே சின்னச் சின்ன மேடாகப் பட்டை போட்டால் தூங்கி வருகிறவனும் விழித்துக் கொள்வான்.

இரண்டு: ரோட்டு ஓரத்துப் புதரைச் சில மீட்டர் தூரம் வெட்டிச் சுத்தமாக வைக்க வேண்டும். மான் புதருக்குள் இருந்து பாய்ந்தால் யாராலும் நிறுத்த முடியாது. வெட்டவெளியில் நின்றால் தூரத்திலேயே தெரியும். வெட்டிய இடத்தில் புல் முளைத்தால் அதையும் அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பந்தி வைத்துக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

மூன்று: எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த மிருகம் அடிபட்டது என்று வனத் துறையும் போலீசும் சேர்ந்து ஒரே நோட்டில் எழுத வேண்டும். ஒரு சீசன் எழுதினால் போதும். எந்தத் திருப்பத்தில் போர்டு வைப்பது, எங்கே போலீஸ்காரர் நிற்பது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

நான்கு: குப்பை. சாப்பாட்டுப் பொட்டலத்தை ரோட்டோரம் வீசுகிறவனுக்கு அபராதம் போட வேண்டும். குரங்குக்குத் தீனி போட்டுப் போட்டு அது கைப்பையைப் பிடுங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. மானையும் அப்படி ரோட்டுக்குப் பழக்க வேண்டாம்.

ஐந்து: லாட்ஜ்காரர்களும் புரோட்டா கடைக்காரர்களும் பில் கொடுக்கிற இடத்தில் ஒரு அட்டை தொங்கவிடலாம். "மலையடி ரோட்டில் மான் வரும். பைய போங்க" என்று எழுதினால் போதும். வருகிற வாடிக்கையாளர் உயிரோடு திரும்பினால்தானே அடுத்த சீசனுக்கும் வருவார்?

எதிரே வந்துவிட்டால்...

மானைக் கண்டதும் வண்டியை வெட்டி ஒடிக்கக் கூடாது. பல பேர் கெட்டுப் போவது இங்கேதான். மானுக்குத் தப்பி மரத்தில் மோதுகிறான். இல்லாவிட்டால் எதிரே வருகிற பஸ்ஸில் விழுகிறான். நேர்கோட்டில் இருந்தபடி, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, அமுக்கமாகப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். பழைய வண்டியில் அது இருக்காது. திடீரென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக் கொண்டு வழுக்கும். அதனால் முதலிலேயே வேகத்தைக் குறைத்து வருவதுதான் புத்தி.

லைட்டைத் தாழ்த்த வேண்டும். மானுக்குக் கண் தெரிந்தால் அதுவே போய்விடும்.

ஒரு மான் தாண்டிவிட்டது என்று உடனே ஆக்சிலேட்டரைத் திருகக் கூடாது. புள்ளிமான் தனியாக வருவது அபூர்வம். முன்னால் ஒன்று போனால் பின்னால் நாலு நிற்கும். தாய் போனால் குட்டி ஓடி வரும். முதல் மானுக்கு நின்றவன் இரண்டாவது மானில் அடிபடக் கூடாது. இண்டிகேட்டரைப் போட்டு, பின்னால் வருகிறவனுக்கும் எச்சரிக்கை கொடுத்து, கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கப் பக்கத்தில் போகக் கூடாது.

ஹெல்மெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுகிறவருக்கும், பின்னால் இருப்பவருக்கும் சட்டப்படி கட்டாயம். குளிக்கப் போகிற இடத்துக்கு ஹெல்மெட் எதற்கு என்று பெட்ரோல் டாங்க் மேல் கவிழ்த்து வைத்துக் கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். டாங்க் உடைந்தால் ஒட்டலாம். தலை உடைந்தால்?

அடிபட்டுவிட்டால்

108க்குப் போன் போட வேண்டும். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. விபத்தில் சிக்கியவருக்கு உதவி செய்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. "போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டி வரும்" என்று யாரும் ஒதுங்கிப் போக வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் காகிதத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். "மூன்றாம் நபர்" பாலிசி மட்டும் இருந்தால், மான் மோதி நொறுங்கிய வண்டிக்கு ஒரு பைசா வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தால்தான் வரும். வண்டிக்குச் சொந்தக்காரர் தானே ஓட்டி இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் கிடைக்கிற தனி விபத்துக் காப்பீடு ஒன்று உண்டு. அது இருக்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா? சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டால், பின்னால் அழுவது வீட்டில் இருப்பவர்கள்தான்.

அடிபட்ட மான் உயிரோடு கிடந்தால் கிட்டே போய்த் தூக்கக் கூடாது. வலியில் உதைக்கும். கொம்பால் குத்தும். வனத் துறைக்கோ போலீசுக்கோ சொல்ல வேண்டும்.

செத்துக் கிடந்தால்? அங்கே ஒரு சபலம் வரும். "சும்மாத்தானே கிடக்கு, தூக்கிட்டுப் போவோம்" என்று கறிக்கு ஆசைப்பட்டால் கம்பி எண்ண வேண்டி வரும்! 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, விபத்தில் செத்த மானும் அரசாங்கச் சொத்து. கொம்பும் அப்படித்தான், தோலும் அப்படித்தான். அப்படி ஒன்று யார் கைக்காவது வந்தால் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும்.

குறைய வேண்டியது வேகம்

மானைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. அதற்குச் சட்டம் தெரியாது, போர்டு படிக்கத் தெரியாது. சீசன் தேதியும் தெரியாது. இந்த விஷயத்தில் புத்தி உள்ளவன் ஒருத்தன்தான். அவன் வண்டி மேல் உட்கார்ந்திருக்கிறான்.

குற்றாலத்துக்குப் பெருமை அருவி. அருவிக்குத் தாய் மலை. மலைக்கு உயிர் காடு. காடு இருந்தால் மான் இருக்கும். மான் வேண்டாம் என்றால் காடு வேண்டாம் என்று ஆகும். காடு போனால் சாரல் ஏது? சீசன் ஏது? சீசனை நம்பி இருக்கிற லாட்ஜு, ஓட்டல், ஆட்டோ, சிப்ஸ் கடை, எண்ணெய் மசாஜ் தொழிலாளி எல்லாரும் எங்கே போவார்கள்?

அதனால் மான் இருக்கட்டும். ரோடும் இருக்கட்டும். குளிக்கிறவர்களும் வரட்டும். குறைய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வேகம்.

அருவி இரவோடு இரவாக ஓடிப் போய்விடாது. நாலரை நிமிஷம் தாமதமாகப் போனாலும் அங்கேயேதான் விழுந்து கொண்டிருக்கும்.